எடைக்கல்லின் ஈரல்

பன்னிரண்டு வருடங்களாக பெங்களூரின் லிஃப்டுகளுக்கு நான் எடைக்கல்லாக இருந்தேன். இதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லிஃப்டில் ஆள் அதிகமாக ஏறிவிட்டால் பஸ்ஸர் கத்தும், கதவு மூடாது. அந்தப் பஸ்ஸர் எத்தனை கிலோவில் கத்த வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பதும் எங்கள் சர்வீஸ் வேலையில் சேர்ந்தது. அதற்கென்று இருபது கிலோ இரும்புக் கட்டிகள் உண்டு. வேனிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து லிஃப்டுக்குள் அடுக்க வேண்டும். இந்த ஊரில் வேன் நிறுத்த இடம் கிடைப்பதோ இரண்டு தெரு தள்ளித்தான். ஆகவே ஐந்து பேர் ஏறும், முந்நூற்று நாற்பது கிலோ லிஃப்ட் என்றால் பத்துக் கட்டிகளை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மீதி எடைக்கு நாங்களே உள்ளே ஏறி நின்றுவிடுவோம். அமைக்கும் பட்டன்கள் லிஃப்ட் பெட்டிக்குள்ளேயே ஒரு மூடிக்குப் பின்னால் இருப்பதால் வேலையும் சுலபம். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. என் ஜோடி ஐம்பத்தொன்று. கூட்டினால் நூற்று நாற்பத்து மூன்று. சர்வீஸ் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, சுற்றி வட்டம் போட்டு, சாமி படம் மாதிரி வைத்திருந்தோம்.

ஜோடி என்றால் வேலை ஜோடி. லிஃப்ட் வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. மேலே மெஷின் ரூமில் ஒருவர், கீழே ஒருவர், நடுவே பத்து மாடி இருட்டு. அவன் மேலிருந்து பேசினால் குரல் இரும்புக் கயிறுகள் வழியே இறங்கி, மாடிக்கு மாடி கொஞ்சம் கரைந்து, என்னிடம் வந்து சேரும்போது எங்கோ கடலோரத்தில் ஓடும் ரேடியோ போலக் கேட்கும். பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து நான் மெல்ல மேலே போவேன். ஒவ்வொரு மாடிக் கதவின் இடுக்கிலும் ஒரு கோடு வெளிச்சம் வரும். ஒரு கோட்டில் கடுகு தாளிக்கும் வாசனை, அடுத்ததில் சாம்பிராணி, அதற்கடுத்ததில் யாரோ ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் சத்தம். காலையில் பனி இறங்கிய நாட்களில் அந்த வெளிச்சக் கோடுகளே கொஞ்சம் ஈரமாக இருப்பதாகத் தோன்றும். மற்றவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நான் மிதக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்வேன்.

"மிதக்கறது சாயந்திரம்தானே, காலைலயேவா?" என்பாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி, நின்றுகொண்டே குடிக்கும் ஒரு கடை. நாற்காலி கிடையாது. இடுப்பு உயரத்தில் கடப்பைக்கல் பலகை, அதன் மேல் க்ளாஸ், தட்டு, முழங்கை. சனிக்கிழமை சாயந்திரம் மட்டும் என்று ஆரம்பித்தோம். பிறகு புதன்கிழமை, வாரத்தின் நடுவில் ஒரு தூண் வேண்டும் என்று. பிறகு என்ன கிழமை என்று கேட்பதை நிறுத்திவிட்டோம்.

அங்கே எனக்கொரு கொள்கை இருந்தது. மூன்று பெக்குக்கு மேல் தொட மாட்டேன், ஆனால் ஒவ்வொரு பெக்குக்கும் ஒரு தட்டு சைடிஷ். மசாலாக் கடலை, கபாப், எண்ணெய் மினுக்கும் முட்டை போண்டா. கடைசியில் கட்டாயமாக ஈரல் வறுவல். ஆட்டின் ஈரல் என் ஈரலுக்குள் போய் உட்கார்ந்து, அடிபட்ட இடத்துக்கு ஒட்டுப் போடும் என்பது என் நம்பிக்கை. இதை நான் பலருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சிலர் தலையாட்டி நம்பவும் செய்தார்கள், பாவம்.

என் ஜோடியின் கொள்கை நேரெதிர். தட்டைத் தொடவே மாட்டான். என்னைவிட இரண்டு பெக் அதிகம் போவான், நாக்கில் ஒரு விரல் ஊறுகாய், அவ்வளவுதான். அவன் பங்குத் தட்டையும் என் பக்கம் நகர்த்திவிடுவான்.

"நீ சாப்டு மச்சா. சாப்ட்டா ஏறமாட்டேங்குது."

"டேய், வெறும் வயித்துல ஊத்தற. உள்ள வெந்துடும்டா."

"என் ஒடம்புல எங்க ஒட்டறது? ஓடற தண்ணி மாதிரி போயிடும் குரு. உன்ன பாரு, எது போனாலும் உள்ள செட்டில் ஆயிடுது."

இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் பரிதாபப்பட்டுக்கொண்டே பன்னிரண்டு வருடம் சந்தோஷமாகப் போயிற்று. அவன் போய்ச் சேர்ந்தால் மெஷின் ரூமுக்கு யாரை அனுப்புவது என்று நான் கவலைப்பட்டேன். நான் போய்ச் சேர்ந்தால் எத்தனை பேர் தூக்க வேண்டியிருக்கும் என்று அவன் கவலைப்பட்டான்.

போன டிசம்பரில், தொம்மலூர்ப் பக்கம் ஒரு டெக் பார்க்கின் லிஃப்டுகளைப் பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. உள்ளே நுழைய மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டும் என்றார்கள். ரத்தம் கொடுத்தேன். இரண்டு நாளில் ஒரு கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். ஈரல் சம்பந்தப்பட்ட எண்கள் ஏறியிருக்கின்றன, டாக்டரைப் பாருங்கள் என்று.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எவ்வளவு குடிக்கிறேன் என்று கேட்டார். வாரத்தைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். அவர் தாளில் கொஞ்சம் நீட்டி எழுதிக்கொண்டார். இருவரும் உண்மைக்கு அருகில் எங்கோ சந்தித்தோம்.

"வெயிட் எவ்ளோ?"

"தொண்ணூத்திரண்டு மேடம்."

"ஏறி நில்லுங்க."

ஏறினேன். நூற்றெட்டு என்று காட்டியது. இறங்கி, செருப்பைக் கழற்றி, செல்ஃபோனை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் ஏறினேன். நூற்றெட்டு.

"மேடம், உங்க மெஷின்ல கோளாறு. நான் இதே லைன்லதான் இருக்கேன். நானே வேணா செட் பண்ணித் தரேன்."

"காலைலேர்ந்து முப்பது பேர் ஏறியிருக்காங்க. முப்பது பேருக்கும் கோளாறா?"

தொண்ணூற்றிரண்டு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்க்கும் மெஷின் துப்பிய அட்டை அது. பின்பக்கம் 'உங்களுக்கு உயர்வு நிச்சயம்' என்று அச்சடித்திருந்தது. லிஃப்ட்காரனுக்கு வேறென்ன எழுதுவார்கள் என்று சிரித்துவிட்டு முன்பக்கத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு என்னை யாரும் எடை பார்க்கவில்லை. எடைக்கல்லை எடை போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஸ்கேன் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இருப்பது போலவே இருந்ததால் எனக்குத் தூக்கம் வந்தது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். திரையில் மேகம் நகர்ந்தது. கறுப்பும் சாம்பலுமாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்று படுத்திருந்தது. அழகாக இருக்கிறதே, அதுதான் என் ஈரலா என்று கேட்டேன். ஆமாம், இவ்வளவு வெள்ளையாக இருக்கக் கூடாது, அதெல்லாம் கொழுப்பு என்றார்கள். இன்னொரு மெஷினில் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குச்சியை வைத்து டொக், டொக் என்று தட்டினார்கள். ஈரல் எவ்வளவு விறைத்துப் போயிருக்கிறது என்று அது சொல்லுமாம். வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்பது போல் இருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழுக்குள் இருக்க வேண்டிய எண் பத்தைத் தாண்டியிருந்தது.

"ஈரல் பஞ்சு மாதிரி இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுது ரப்பர் மாதிரி ஆக ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கல்லாகல. கல்லாயிட்டா திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம். மூணு மாசம் டைம். ஒரு சொட்டு தொடக் கூடாது. பத்து கிலோ எறங்கணும். அப்புறம் இதே டெஸ்ட் எடுப்போம். கீழ வருதா மேல போகுதான்னு தெரிஞ்சிடும்."

"மேடம், நான் மூணு பெக்தான். அதுவும் வயிறு நெறைய சாப்ட்டுட்டு. என் ஃப்ரெண்டு வெறும் வயித்துல அஞ்சு அடிக்கிறான், அவன் கல்லு மாதிரி இருக்கான்."

"கல்லு மாதிரி இருக்கக் கூடாதுன்னுதானே இவ்ளோ நேரம் சொல்றேன்" என்று சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் போதை ஏறுவது கொஞ்சம் மெதுவாகும், ஈரலுக்கு வேலை ஒன்றும் குறையாது. சாராயத்தைக் கழுவுவதா, நான் அனுப்பிய எண்ணெயை அடுக்கி வைப்பதா என்று அது முழித்துக்கொண்டு நிற்கிறது. இந்த எடை மட்டும் இருந்தாலே கொழுப்பு படியும், குடி மட்டும் இருந்தாலும் படியும். "ரெண்டும் சேர்ந்தா கூட்டல் கணக்கு இல்லீங்க. பெருக்கல்."

வெளியே வந்தபோது சாலையில் பனி கலையாமல் நின்றது. எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. ஆட்டோக்காரர் "எல்லி சார்?" என்று போகும் இடம் கேட்டதற்கு, "ரப்பர்" என்று பதில் சொன்னேன்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம். எனக்கோ வேலை முழுக்க லிஃப்டுக்குள். லிஃப்ட் முழுக்கக் கண்ணாடி. ஏறியதும் இமையை இழுத்துப் பார்ப்பேன். மஞ்சள்! அடுத்த பில்டிங்கில் பார்த்தால் கண் பளிச்சென்று வெள்ளை. அப்பாடா என்று மூச்சு விடுவேன். அதற்கடுத்ததில் மறுபடி மஞ்சள். ஒரே நாளில் ஒன்பது தடவை எனக்குக் காமாலை வந்து ஒன்பது தடவை குணமானது. சில லிஃப்டில் மஞ்சள் பல்பு, சில லிஃப்டில் வெள்ளை பல்பு. அந்த பல்புகளில் பாதியை மாட்டியவனே நான்தான்.

வீட்டில் மனைவியை உட்கார வைத்து, கலங்கிய குரலில், "எனக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"ஆயிட்டா?"

"எல்லாம் பீரோல ஒரு ஃபைல்ல வெச்சிருக்கேன்."

"எது? போன மழைல நனஞ்சுதே, அந்த ஃபைலா? அத நான் தூக்கிப் போட்டு ஆறு மாசமாச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டர் மூணு மாசம்னு சொன்னாங்கன்னா, மூணு மாசம் இருக்குன்னு அர்த்தம். மூணு மாசத்துல போயிடுவீங்கன்னு இல்ல. சரியா?"

குடியை அன்றே நிறுத்தினேன். அது ஒன்றும் வீரமில்லை, சுத்தமான பயம். ஆனால் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. என் ஜோடியைத் தனியாக விட மனமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் விட மனமில்லாதது சைடிஷை. அவன் குடித்தான், நான் இனிப்பு சோடா குடித்தேன். தியாகத்துக்குப் பரிசாக இரண்டு தட்டு கபாப் கூடுதல். வீட்டுக்குப் போகும் வழியில், இன்றும் குடிக்கவில்லையே என்ற பூரிப்பில் ஒரு மைசூர் பாகு. ஒரு மாதம் இந்தத் தவத்தை நடத்திவிட்டு எடை பார்த்தேன். நூற்றேழே முக்கால்.

பயத்தில் அடுத்த கோடிக்கு ஓடினேன். சாப்பாட்டையே நிறுத்தினேன். காலையில் கீழாநெல்லிச் சாறு, மதியம் வெள்ளரிக்காய், சாயந்திரம் வெள்ளரிக்காயைப் பற்றிய நினைவு. நாலாவது நாள் மத்தியானம், மெஷின் ரூமின் வெதுவெதுப்பில், மோட்டார் பக்கத்தில் சாய்ந்தவன் அப்படியே கண் அயர்ந்தேன். கனவில் நானே ஒரு லிஃப்டாக இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு தரைத்தளத்தில் நிற்கிறேன். போண்டாக்கள் குடும்பத்தோடு வருகின்றன. கபாப்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. க்ளாஸ்கள் தளும்பத் தளும்ப, ஒன்றுக்கொன்று மரியாதையாக வழி விட்டு ஏறுகின்றன. ஈரல் வறுவல் ஒன்று ஓரமாக நின்று என்னைப் பாவமாகப் பார்க்கிறது. இடமில்லை, பஸ்ஸர் அடிக்க வேண்டுமே, ஏன் அடிக்கவில்லை என்று நான் தவிக்கிறேன். கதவு மெல்ல மூடுகிறது. பஸ்ஸரை அமைத்தவன் நான்தானே, தொண்ணூற்றிரண்டு என்று சொல்லி.

கண் விழித்தபோது என் ஜோடி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு குரு? பஸ்ஸர் பஸ்ஸர்னு கத்தற."

மனைவி அடுத்த நாளே என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். இந்தத் தடவை நோட்டும் பேனாவும் அவள் கையில். பட்டினி கிடந்தால் கொழுப்புக்கு முன்னால் தசை கரையும், ஈரலுக்கு அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டரம்மா. எனக்கு மட்டும் என்றில்லை, குடிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சாப்பிடாமல் இருப்பதும் ஆபத்துதானாம். கண்ட சாற்றையும் பொடியையும் நிறுத்தச் சொன்னார். பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர், கீரை. எண்ணெயில் முக்கி எடுத்ததும் இனிப்புத் தண்ணீரும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, வேளைக்கு. தினமும் உடம்பு அசைய வேண்டும்.

"உடம்பு அசையற வேலைதான் மேடம்" என்றேன்.

"இவரு எங்க அசையறாரு? லிஃப்டுதான் அசையுது" என்றாள் மனைவி.

அந்தக் கனவு என்னை விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பதினாறு கிலோ பொய் சொல்லியிருக்கிறேன். எத்தனை லிஃப்டில் நின்றேனோ அத்தனையிலும் பஸ்ஸர் பதினாறு கிலோ தாமதமாகக் கத்தும். ஆபத்து ஒன்றுமில்லை, கயிறு அதற்கெல்லாம் அசராது. ஆனாலும் நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் என்னைப் போலவே தங்கள் எடை தெரியாமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கிய சோறும் அளவுச் சோறுதான்.

"எல்லாத்தையும் திரும்ப செட் பண்ணணும்டா. முழுக்க இரும்பு வெச்சு."

என் ஜோடி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ரெண்டு தெருவு தூக்கினு வரணுமா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சா. ஜனங்களே ஒருத்தர் எறங்கிக்குவாங்க."

"நான் தூக்கறேன். நீ மேல பாத்துக்கோ."

ஜனவரியில் ஆரம்பித்தோம். தினமும் காலையில் ஒரு லிஃப்ட். பதினேழு கட்டிகள் உள்ளே, பதினேழு கட்டிகள் வெளியே. முதல் வாரம் ஒரு கட்டிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். வாட்ச்மேன்கள் தண்ணீர் கொடுத்தார்கள், ஒருவர் விசிறியும் விட்டார். பிறகு மூச்சு வசப்பட்டது. தெருவோரத்து ரோஸ் நிறப் பூ மரங்கள் ஒரே இரவில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூத்திருந்தன. தொம்மலூரின் பழைய சந்துகளில்கூட மேகம் இறங்கித் தங்கிவிட்டது போல இருந்தது. பூ விழுந்து கிடக்கும் தெருவில், இரண்டு கையிலும் இரும்போடு, அவித்த பயறின் ஏப்பத்தோடு நான் நடந்துபோனேன். தூக்கத்தில் நடப்பவன் மாதிரி இருந்தது. என் பேன்ட் என்னைவிட்டு மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. மனைவி பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டாள்.

மேலிருந்து வரும் குரல்தான் மாறியிருந்தது. முன்பெல்லாம் "சரி, விடு!" என்று ஒரே மூச்சில் இறங்கி வரும். இப்போது "சரி" வந்து, கொஞ்ச நேரம் கழித்து "விடு" வந்தது. மெஷின் ரூமுக்கு ஏறும் படிகளில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து போவதை ஒரு நாள் பார்த்தேன். சோம்பேறி என்று திட்டினேன். ஒரு கட்டியைத் தூக்கச் சொன்னபோது, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, நாலு எட்டு வைத்து, அதை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை.

"ராத்திரி சரியாத் தூங்கல" என்றான்.

பிப்ரவரி கடைசியில், தொம்மலூரில் ஒரு அபார்ட்மென்டின் சர்வீஸ் லிஃப்ட். புது சென்ஸார், கிலோ கிலோவாகக் காட்டும். இரும்பை மட்டும் வைத்து ஒழுங்காக அமைத்து முடித்தோம். கட்டிகளை வெளியே எடுத்ததும் திரை சுழியத்துக்கு வந்து நின்றது. சும்மா ஒரு ஆசை. இருவரும் உள்ளே ஏறி நின்றோம்.

நூற்று நாற்பத்து மூன்று.

அவன் கைதட்டிவிட்டான். "பாத்தியா! பாத்தியா குரு! பன்னெண்டு வருஷமா ஒரு கிலோ மாறல. நீயும் உன் டாக்டரும். நாப்பது லிஃப்டுக்கு இரும்பு சுமந்தியே!"

சிவப்பு வட்டத்துக்குள் இருந்த அதே எண் இந்தத் திரையில். கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தேன். வெள்ளை பல்பு.

"நீ எறங்கு" என்றேன்.

இறங்கினான். தொண்ணூற்றொன்பது. நூற்றெட்டிலிருந்து ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். கழித்தல் எனக்கும் தெரியும்.

"இப்ப நீ ஏறு. நான் எறங்கறேன்."

"எதுக்கு?"

"ஏறுடா."

ஏறினான். திரையில் நாற்பத்து நாலு.

அவன் சட்டையைப் பிடித்துப் பார்த்தான். செல்ஃபோனைப் பையிலிருந்து எடுத்து, எடை குறைவதற்குப் பதிலாக ஏற வேண்டும் என்பது நினைவு வந்தவன் போல, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டான். நாற்பத்து நாலுதான். அவன் சொன்ன ஓடுகிற தண்ணீர் ஏழு கிலோவைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. லிஃப்டுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்கு மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

"சென்ஸார் தப்பு" என்றான், மெதுவாக.

டாக்டரம்மாவிடம் நானும் இதையேதான் சொன்னேன். பல்பு, ரப்பர் என்று வாயில் வந்த பத்து கிண்டலையும் விழுங்கிக்கொண்டேன்.

"அடுத்த வாரம் எனக்கு டெஸ்ட்டு. தனியாப் போக பயமா இருக்குடா. கூட வா."

"உன் வொய்ஃப்?"

"அவ வந்தா அழுவா. நீ வந்தா சிரிப்ப. வா." பொய்தான். மனைவி அழுகிற ரகம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வந்தான்.

அந்த இருட்டு அறையில் மறுபடி படுத்தேன். குளிர்ந்த பசை, மேகம். வெள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது. டொக், டொக். பத்துத் தட்டுக்கும் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு தட்டுக்கு நடுவிலும் நான் பார்த்த வெளிச்சக் கோடுகளெல்லாம் கண்ணுக்குள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஏறுகிறேனா இறங்குகிறேனா தெரியவில்லை.

"எட்டு சொச்சம்" என்றார் டாக்டரம்மா. "கீழதான் வருது. குடிய விட்டதுல பாதி, எடை எறங்கினதுல பாதின்னு வெச்சுக்குங்க. முடிஞ்சிடுச்சுன்னு நெனக்காதீங்க. விட்டத திரும்பப் பிடிச்சா இதுவும் திரும்ப ஏறும்."

நான் அழுதேன். சிரிப்பதற்காக அழைத்துவந்தவன் வெளியே உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், வெளிய ஒருத்தன் இருக்கான். நான் முதல் நாள் சொன்னேனே, வெறும் வயித்துல அஞ்சு" என்றேன்.

அவன் கதவருகிலேயே நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நான் சும்மா தொணைக்கு வந்தேன்" என்றான். அவர் அவன் கையைப் பிடித்துத் தோள்பட்டையின் எலும்பைத் தடவிப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அவன் வெகுநேரம் யோசித்தான்.

"ஊறுகா" என்றான்.

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் டொக், டொக்கை எண்ணினேன். என்னுடையதை எண்ணியபோதுகூட இவ்வளவு பயமில்லை. என் மடியில் மனைவி கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ். டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும், முடிந்ததும் உடனே சாப்பிட வேண்டும் என்று அதிலும் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அவித்த பயறு, இரண்டு முட்டை.

அவன் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் நீளமான தாள்.

"உன்னுத விட ஜாஸ்தி" என்றான். "பதினாலு. இன்னும் நெறைய டெஸ்ட்டு எழுதியிருக்காங்க. திடீர்னு நானா நிறுத்தக் கூடாதாம், கை ஒதறுமாம், ஃபிட்ஸ் வருமாம். நாளைக்கே அட்மிட் ஆவணுமாம். மாத்தரை குடுத்து அவங்களே நிறுத்துவாங்களாம்."

"நான் கூட இருக்கேன்."

"அப்புறம் எடை ஏத்தணுமாம் குரு. உனக்கு எறக்கச் சொன்னா, எனக்கு ஏத்தச் சொல்றா. ஒரே பொம்பள." தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். "நீ எறக்கன ஒம்போது கிலோவ கீழ போடாம எனக்குக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"கேட்டியா நீ?"

சர்வீஸ் நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில், சிவப்பு வட்டத்துக்குள் இருந்த எண்ணை அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காலியாக விட்டு மூடினேன். டிபன் பாக்ஸைத் திறந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் கை தட்டை நோக்கி நீண்டது. ஒரு முட்டையை எடுத்து, பாதியாக உடைத்து, உப்பு இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாக மென்றான். ஜன்னலுக்கு வெளியே அந்த ரோஸ் பூக்கள் காற்றில்லாமலே உதிர்ந்துகொண்டிருந்தன.

இரண்டாவது முட்டை என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டான்.